ஈரப் படகும் காய்ந்த படகும்: சதுரங்கப்பட்டினத்தில் திமிங்கிலம் பார்க்கப் போன கதை

போன மாசி மாதம் குடும்பத்தோடு திமிங்கிலம் பார்க்கப் போய்வந்தேன். இதை ஊரில் யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. ஆகவே நம் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகையில் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். போக நினைப்பவர்கள் படித்துக்கொள்ளட்டும். நாங்கள் செய்த தப்பைச் செய்யாமல் இருந்தால் போதும்.

போனதற்குக் காரணம் என் மனைவி தனம். உத்திரமேரூர் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் திமிங்கிலத்தைப் பற்றி ஒரு பக்கம் வரும். அது மீன் அல்ல, குட்டி போடும், குட்டிக்குப் பால் கொடுக்கும் என்று இருக்கும். கல்யாணமான புதிதில் ஒருநாள் இதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். தனம் சாலவாக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பிறந்ததிலிருந்து மாட்டோடு பழகியவள். பால் கறந்துகொண்டே திரும்பிப் பார்த்து, "மீனுக்கு ஏது மடி?" என்றாள். அவ்வளவுதான். எட்டு வருஷமாக எங்கள் வீட்டில் நான் எதைச் சொன்னாலும், நம்பக்கூடியதாக இல்லையென்றால், அந்த ஒரு கேள்விதான் பதில்.

ஆனால் கேலி வேறு, ஆசை வேறு. தனம் கடலையே பார்த்ததில்லை. நாற்பது மைலுக்குள் கடலை வைத்துக்கொண்டு எட்டு வருஷமாக 'அடுத்த அறுப்பு முடியட்டும்' என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வருஷம் சந்தைக்குக் கருவாடு கொண்டுவரும் அஞ்சலை ஒரு சேதி கொண்டுவந்தாள். சதுரங்கப்பட்டினம் குப்பத்தைச் சேர்ந்தவள். "எங்க ஊரு கடல்ல பத்து நாளா பெரிய மீனு வந்துகீது வாத்தியாரூட்டம்மா. மூச்சு வுட்டா கரையில கேக்குது. எங்க அண்ணன் படகுல வா, காட்டச் சொல்றேன்" என்றாள். அன்று ராத்திரி சோறு போடும்போது தனம் என்னிடம் சொன்னாள்: "இந்தத் தபா இட்டுகினு போலன்னா, இனிமே அந்தப் பாடத்த வூட்ல எடுக்காதீங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

எனக்கு சனி, ஞாயிறு மட்டுமே லீவு. வீட்டில் பசு வேறு நிறைமாதம். இன்றோ நாளையோ ஈனும் என்ற நிலை. பக்கத்து வீட்டுக் குப்பம்மாளிடம் அதை ஒப்படைத்துவிட்டு, ஞாயிறு இருட்டுவதற்குள் திரும்புவது என்று முடிவு செய்தோம். இந்த முறை விட்டால் தனத்துக்குக் கடல் இன்னும் எத்தனை வருஷம் தள்ளிப்போகுமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு உத்திரமேரூரில் செங்கல்பட்டு பஸ். பதினேழு மைல், ஆளுக்கு எழுபத்தைந்து நயா பைசா. ஏழு வயது மகள் வள்ளிக்கு அரை டிக்கெட். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், கண்டக்டர் மசியவில்லை. சாலவாக்கத்தில் தனத்தின் அண்ணன் கோவிந்தன் ஏறிக்கொண்டார். எங்கள் வட்டாரத்தில் உழவு மாடு வாங்கப் போகிறவர்கள் இவரைக் கையோடு அழைத்துப் போவார்கள். பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து அவர் சரியென்றால்தான் பேரம் படியும். 'படகும் ஒரு மாடுதானே மாப்ள, பாத்து வாங்கணும்' என்று சொல்லித்தான் கூட வந்தார். வாடகைக்குத்தான் எடுக்கப்போகிறோம் என்று நான் திருத்தவில்லை.

செங்கல்பட்டில் ஏழே முக்காலுக்கு இறங்கி நாஷ்டா முடித்தோம். எட்டரைக்குத் திருக்கழுக்குன்றம் பஸ். ஒன்பது மைல், நாற்பது நயா பைசா. அங்கிருந்து கடற்கரைக்கு எட்டு மைல். பஸ் உண்டு, ஆனால் அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு ஜட்காவை இரண்டு ரூபாய்க்குப் பேசினோம். கோயில் மலைக்கு வரும் கழுகைப் பார்க்காமல் போகிறீர்களே என்று ஜட்காக்காரர் வழியெல்லாம் வருத்தப்பட்டார். திமிங்கிலம் பார்க்கப் போகிறோம் என்று சொன்னதும் வருத்தம் மாறி வியாபாரம் வந்துவிட்டது. தன் சகலை கடலோரக் கால்வாயில் உப்பு ஏற்றும் படகு ஓட்டுவதாகவும், ஆட்டமே இல்லாமல் அலுங்காமல் போகும் என்றும் சொன்னார். கால்வாயில் திமிங்கிலம் வருமா என்று கோவிந்தன் கேட்டார். "அது வரும்போது வரும்" என்றார் ஜட்காக்காரர். அந்தப் படகு வேண்டாம் என்று அப்போதே தீர்மானமாயிற்று.

பத்தே முக்காலுக்கு சதுரங்கப்பட்டினம். இடிந்த டச்சுக் கோட்டையைச் சுற்றிக்கொண்டு மணலில் நடந்தால் கடல். தனம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வள்ளியை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, இவ்வளவு தண்ணீருக்கும் மதகு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். ஏரிப் பாசனத்தில் பிறந்தவள் வேறு எதைக் கேட்பாள்? இந்த ஒரு நிமிஷத்துக்காகவே எப்போதோ வந்திருக்கலாம் என்று தோன்றியது.

அஞ்சலையைத் தேடினோம். மீன் விற்கப் போயிருக்கிறாள், மூன்று மணிக்குத்தான் வருவாள் என்றார்கள். ஆகவே படகை நாங்களே பார்க்க வேண்டியதாயிற்று. கரையில் கட்டுமரங்கள்தான் அதிகம். அவற்றில் பெண்களை ஏற்றுவதில்லை, அது அவர்கள் வழக்கம். ஏற்றினாலும் இடுப்பளவு தண்ணீரில் உட்கார வேண்டும். மிச்சம் இரண்டு மசூலாப் படகுகள். மசூலாவில் ஆணியே கிடையாது. பலகைகளுக்கு இடையில் வைக்கோல் திணித்துக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் வளைந்து கொடுக்குமே தவிர உடையாது.

ஒன்று அஞ்சலையின் அண்ணன் கன்னியப்பனுடையது. அப்போதுதான் வலை போட்டுவிட்டுக் கரையேறியிருந்தது. கோவிந்தன் உள்ளே கையை விட்டுத் துழாவினார். பலகை ஊறிச் சொதசொதவென்று இருந்தது. அடியில் நாலு விரல் தண்ணீர் நின்றது. ஒரு தையலில் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டும் இருந்தது. ஏரிக்கரையில் இப்படிக் கசிந்தால் எங்கள் ஊரில் தண்டோரா போட்டு ஆள் திரட்டுவார்கள். கோவிந்தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "இது இன்னா படகு, ஒழுகுற அண்டா" என்றார். கன்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நிமிர்ந்து பார்த்து, உங்கள் இஷ்டம் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்.

இன்னொரு படகு மேட்டு மணலில் இருந்தது. புதிதாகத் தார் பூசி, பாயாசம் வைக்கலாம் போல் உள்ளே துடைத்து வைத்திருந்தார்கள். தட்டிப் பார்த்தால் வெண்கலப் பானையைப் போல் கணீரென்று கேட்டது. கோவிந்தன் மூன்று தடவை சுற்றிவந்து இதுதான் படகு என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. தனம் மட்டும், அஞ்சலை சொன்ன படகு அதுவாயிற்றே என்று இழுத்தாள். குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டைப் படகில் ஏறுவதா என்று நான் அதட்டிவிட்டேன். சிவப்புத் துண்டு கட்டியிருந்த படகுக்காரர் ஐந்து ரூபாய் கேட்டார், உடனே ஒப்புக்கொண்டோம். தீபாவளியிலிருந்து அந்தப் படகு தண்ணீரையே பார்க்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பதினொன்றே காலுக்குத் தள்ளினார்கள். அலையைத் தாண்டும்வரை நன்றாகத்தான் இருந்தது. வள்ளி ஒவ்வொரு அலைக்கும் சிரித்தாள். பத்து நிமிஷத்தில் என் பாதம் நனைந்தது. கால் மணியில் கணுக்கால் வரை தண்ணீர். தையல் தையலாக, பக்கம் பக்கமாகத் தண்ணீர் உள்ளே வந்தது. இரண்டு பேர் தகரத்தால் மொள்ள மொள்ள, மொண்டதைவிட வந்தது அதிகம். சிவப்புத் துண்டுக்காரர் பதறவில்லை. "பலக காஞ்சிகீது. ரெண்டு நாளு ஊறினா சரியாப்பூடும்" என்றார்.

தனம் வள்ளியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அண்ணனையே பார்த்தாள்.

"ஏண்ணா, வெயில் காலத்துல வண்டிச் சக்கரத்த ஏரியில எறக்கி ஊறப்போடுறியே, எதுக்கு?"

சக்கரம் காய்ந்தால் மரம் சுருங்கி இரும்புப் பட்டை கழன்றுவிடும், ஊறினால் உப்பி இறுகிவிடும். எங்கள் பக்கத்தில் இது தெரியாத விவசாயி கிடையாது. வருஷா வருஷம் கோவிந்தனே வண்டியோடு ஏரியில் இறக்கி ஊறவைக்கிறார். ஊறிய பலகைதான் நல்ல பலகை என்பது மரத்தோடு பழகிய எங்களுக்கே தெரிந்த விஷயம். கடலைக் கண்டதும் மறந்துவிட்டது. ஈரம் என்றால் கசிவு, காய்ந்தது என்றால் கெட்டி என்று ஏரிக்கரைப் புத்தியில் பார்த்துவிட்டோம்.

பன்னிரண்டு மணிக்குக் கரைக்குத் திரும்பினோம். ஐந்து ரூபாயில் பாதியை அவரே திருப்பிக் கொடுத்தார். அதன்பின் தனம் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. புடவையைப் பிழிந்துவிட்டு, வள்ளிக்குக் கட்டுச்சோற்றைக் கொடுத்துவிட்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மத்தியானக் காற்று கிளம்பி அலை பெரிதாகிவிட்டது. இனி அன்றைக்குப் படகு இல்லை. எட்டு வருஷம் காத்திருந்தவளுக்கு நான் காட்டியது கணுக்கால் தண்ணீர். எனக்கு அவமானமாக இருந்தது.

மூன்று மணிக்கு அஞ்சலை வந்தாள். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணனிடம் போய்ப் பேசினாள். கன்னியப்பனுக்குக் கோபம் இருந்திருக்கலாம், காட்டிக்கொள்ளவில்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பெரிய வலை இறக்க வேண்டும், அதற்கு முன்னால் விடியலில் ஒரு நடை போய்வரலாம், ஆறு ரூபாய் என்றார். ஒரே ஒரு சங்கடம். தண்ணீர் மொள்ளுகிற ஆள் கல்யாணத்துக்குப் போய்விட்டான். துடுப்புக்காரர்கள் துடுப்பை விட முடியாது. மசூலா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும், மொண்டுகொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒருவர் வேண்டும்.

நான் மொள்கிறேன் என்றேன். கன்னியப்பன் என் கையைப் பார்த்தார். சாக்கட்டி பிடிக்கிற கை. "நடுவுல வுட்ற கூடாது வாத்தியாரே" என்று மட்டும் சொன்னார். கோவிந்தன் தன் பங்குக்கு, கரையிலேயே இருந்து எட்டு மணி வலைக்குக் கயிறு இழுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். 'ஒழுகுற அண்டா' என்று சொன்ன வாய்க்கு அதுதான் பரிகாரம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். இரவு அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் படுத்தோம். வாத்தியாராக இருப்பதில் இப்படி ஒரு சௌகரியம் உண்டு, எந்த ஊரிலும் ஒரு பெஞ்சு கிடைக்கும்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குப் படகு இறங்கியது. கடல் தாம்பாளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது. தனமும் வள்ளியும் முன் பக்கம். எட்டுத் துடுப்புக்காரர்கள். பின்னால் கன்னியப்பன். நடுவில் பாதி வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரத்தோடு நான். ஊறிய பலகை சொன்னபடி இறுகித்தான் இருந்தது. நேற்று ஆற்றைப் போல் வந்த தண்ணீர் இன்று ஊற்றைப் போல் வந்தது. ஆனால் நிற்கவில்லை. நிமிஷத்துக்கு ஆறு தகரம் என்று எண்ணிக்கொண்டே மொண்டேன். கால் மணியில் முதுகு விட்டுப்போயிற்று.

ஆறு மணிக்கு முதலில் ஓங்கல், அதாவது டால்பின், வந்தது. ஆள் நீளத்துக்கு இருக்கும், கூட்டமாகத் துள்ளும் என்று கன்னியப்பன் சொன்னார். வள்ளி எண்ணிப் பதினொன்று என்றாள். நான் இரண்டைப் பார்த்தேன், அதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. இன்னும் அரை மைல் போனோம். கரையிலிருந்து ஒன்றரை மைல் இருக்கும். பனை மரங்கள் வேலி மாதிரி சிறுத்துவிட்டன. ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கன்னியப்பன் கையைத் தூக்கினார். துடுப்புகள் நின்றன. "யாரும் பேசாதீங்க" என்றார் மெதுவாக.

எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் சத்தம் வராமல் தகரத்தைச் சாய்த்து மொண்டு, சத்தம் வராமல் வெளியே விட்டேன். அப்போது என் இடது பக்கம், நெல் அவிக்கிற அண்டாவின் மூடியைத் தூக்கியதுபோல் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. தொடர்ந்து இன்னொன்று, சின்னதாக. பிடரியில் தூறல் விழுந்தது. மீன் நாற்றம் குப்பென்று அடித்தது. தகரம் அப்போது பாதி நிரம்பியிருந்தது. நடுவில் விடக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதை வெளியே ஊற்றிவிட்டு நிமிர்ந்தேன்.

கடலில் ஒன்றுமில்லை. எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழவென்று பெரிய வட்டம் ஒன்று கிடந்தது. துடுப்புக்காரர்களில் இரண்டு பேர் கும்பிட்ட கையைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். தனம் திரும்பி என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் தண்ணீர். கடல் தண்ணீரா கண்ணீரா என்று தெரியவில்லை, இரண்டும் உப்புதான்.

"கன்னுக்குட்டி கூட வந்துச்சுங்க. தாய ஒட்டிகினே வந்துச்சு. நீங்க சொன்னது நெசந்தான்."

எட்டு வருஷமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தவன் நான். வந்தபோது கையில் தகரம் இருந்தது. நான் பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. கால் மணி காத்திருந்தோம். மறுபடி வரவில்லை. வலைக்கு நேரமாகிவிட்டதால் கன்னியப்பன் திருப்பினார்.

கரையில் கோவிந்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வலைக் கயிற்றுக்குத் தயாராக நின்றார். அவரும் பார்க்கவில்லை. அவர் கயிறு இழுத்து முடிக்கப் பத்தரை ஆகிவிட்டது. கூலியாக ஒரு கூடை சங்கரா மீன் கிடைத்தது. வந்த வழியே திரும்பி மாலை ஐந்து மணிக்கு உத்திரமேரூர் வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் வரும்போது தனத்திடம் விவரம் கேட்டேன். எவ்வளவு நீளம்? நாலு வண்டி. நிறம்? எருமை. குட்டி? ஒரு வண்டி இருக்கும். பால் குடித்ததா? அதைத் தண்ணீருக்குள் யார் பார்த்தது, ஆனால் பால்குடி மறக்காத கன்று போகிற போக்கு எனக்குத் தெரியாதா என்றாள். இதைவிட நல்ல சாட்சி பாடப்புத்தகத்தில் இல்லை.

இனி போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மாசி, பங்குனியில் போங்கள். அப்போதுதான் கடல் அடங்கியிருக்கிறது. விடிவதற்கு முன் படகு ஏறி ஒன்பதுக்குள் கரை சேர்ந்துவிடுங்கள். முதல் நாளே போய் அங்கே தங்குவது நல்லது. எனக்குப் போகவரச் சாப்பாட்டோடு சேர்த்து இருபத்திரண்டு ரூபாய் ஆனது, காய்ந்த படகில் ஏறாதிருந்தால் இரண்டரை ரூபாய் மிச்சம். மாற்றுத்துணி அவசியம். உப்பு நார்த்தங்காய் இரண்டு துண்டு வைத்துக்கொண்டால் குமட்டலுக்கு நல்லது. திமிங்கிலம் வரும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள், சொன்னால் நம்பாதீர்கள். நேற்று வரை வலைக்குப் போன படகில் ஏறுங்கள், கைவைத்தால் ஈரமாக இருக்க வேண்டும். துடைத்து வைத்த படகைக் கண்டால் தூரப் போங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், நாங்கள் படகு தெரியாமல் விட்டோம். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் மொள்ள ஆள் இருக்கிறானா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போது பசு ஈன்றிருந்தது. கிடாரிக் கன்று. குப்பம்மாள் கன்றைத் துடைத்துக்கொண்டே எல்லாக் கதையையும் கேட்டாள். நாலு வண்டி நீளம், கூட ஒரு குட்டி, அதற்குப் பால் என்றதும் துடைப்பதை நிறுத்திவிட்டாள். "மீனுக்கு ஏதுடி மடி?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "படிச்சவரு நீங்க சொல்லுங்க வாத்தியாரே. நீங்களும் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

தனம்தான் கன்றைத் தாயின் மடிக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே பதில் சொன்னாள்.

"அவரு குனிஞ்சிகினு இருந்தாரு. அதனாலதான் நாங்க நிமிந்து பாத்தோம்."